பாதியில் நிற்கும் புத்தகத்தோடு வாருங்கள்: மாதாந்திர வாசிப்புக் கூடுகை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, ‘இப்போ நான் படிச்சுக்கிட்டிருக்கிறது இது, இதை நீங்க படிக்கலாம்’ என்று பேசிக்கொள்ள விரும்புகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஊர்களில் அதை எப்படித் தொடங்கி, எப்படி நிற்காமல் நடத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நூல் வெளியீட்டு விழா வேறு, விமர்சனக் கூட்டம் வேறு. இதற்கு மேடையும் மைக்கும் சால்வையும் தேவையில்லை.

தருமபுரியில் சில ஆண்டுகளாக இப்படியொரு கூடுகையின் பொறுப்பில் இருக்கிறேன். ஓசூரில் நண்பர்கள் தொடங்கியபோதும் கூட இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கவனித்து, வரிசையைப் பலமுறை மாற்றி, இப்போது நிலைத்திருக்கும் வரிசை இது. படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள். இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம், இரண்டு முறையும் ஆட்கள் குறைந்தார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உட்கார ஒரு இடம், நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில்கள், புத்தகத்துக்குள் வைக்கக் கிழித்த காகிதத் துண்டுகள், சத்தம் போடாத ஒரு கடிகாரம். இவற்றோடு நிச்சயமாக வருவதாகச் சொன்ன ஐந்து பேர். இருபது பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். ஐந்து பேரோடு தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் பேச நேரம் கிடைக்கும். அவர்களே அடுத்த மாதம் ஆளுக்கொருவரை அழைத்து வருவார்கள்.

1. முதலில் நாள், பிறகுதான் ஆள்

‘எல்லாருக்கும் எந்த நாள் வசதி?’ என்று கேட்டுத் தொடங்கினால் ஒருநாளும் முடிவாகாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்பதுபோல நீங்களே குறித்துவிட்டு அறிவியுங்கள். நாள் நிலையாக இருந்தால் இரண்டு மாதம் வராதவர்கூட மூன்றாவது மாதம் கேட்காமலே வந்து சேருவார்.

காலை நேரம் எதற்கென்றால், பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து வருகிறவர்கள் டவுன் பஸ் பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். மாலையில் வைத்தபோது பெண்கள் ஐந்தரைக்கே கடிகாரம் பார்க்கத் தொடங்கினார்கள். ஓசூரில் நிலைமை வேறு. அங்கே ஷிப்டு வேலைக்காரர்கள் அதிகம் என்பதால் ஒரு மாதம் காலை, மறுமாதம் மாலை என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆண்டு நாட்காட்டியில் சில வாரங்களை முதலிலேயே அடித்துவிடுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறன்று ஒகேனக்கல் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறங்கும் மே, ஜூனில் தோப்பு வைத்திருப்பவர்களை எதிர்பார்க்காதீர்கள். அந்த மாதங்களில் கூடுகையை நிறுத்த வேண்டாம். சிறிய வட்டமாக நடத்துங்கள், அது போதும்.

2. இடம்: நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்

வீட்டில் வைத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுப்படி வேலை கூடும். டீக்கடையில் வைத்தால் உரக்க வாசிக்க முடியாது. கிளை நூலகமே பொருத்தமான இடம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு பெயரளவிலாவது இருக்கும். நூலகரை நேரில் பார்த்து, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் அவருக்கும் மேலே சொல்ல ஆதாரம் இருக்காது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பொதுவாக வெள்ளிக்கிழமைதான் என்பதால் ஞாயிறு கூடுவதில் சிக்கலில்லை. ஆனாலும் மற்ற வாசகர்களுக்கு இடைஞ்சல் இல்லாத மூலை எது என்று அவரையே கேளுங்கள்.

அங்கே நடத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாராவது ஒரு நூலைச் சொன்ன உடனே அலமாரியில் தேடிப் பார்த்துவிடலாம். இருந்தால் உறுப்பினர் அட்டை உள்ளவர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போவார்.

3. வருகிறவர் வீட்டிலேயே செய்ய வேண்டியது

அழைக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். இரண்டு, அதில் உரக்க வாசிக்க ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, காகிதத் துண்டு வைத்து வர வேண்டும். மூன்று, முடித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சார், பாதிதான் ஆயிருக்கு, முடிச்சிட்டு அடுத்த மாசம் வரேனுங்க’ என்று போனிலேயே ஒதுங்கிவிடுகிறவர்கள் அதிகம். அவர்களிடம் நான் சொல்வது, ‘பாதியில இருக்கிறவங்கதான் எனக்கு வேணும்.’ முடித்துவிட்டவரிடம் தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பாதியில் இருப்பவரிடம் சந்தேகமும் ஆர்வமும் அலுப்பும் இன்னும் சூடாக இருக்கின்றன. கேட்கிறவருக்கு அது உடனே பற்றிக்கொள்கிறது.

மொபைலில் வாசிக்கிறவர், ஒலிநூல் கேட்கிறவர், மாத நாவல் படிக்கிறவர், சுயமுன்னேற்ற நூல் படிக்கிறவர் எல்லாரும் இதில் அடக்கம். ‘அதெல்லாம் ஒரு வாசிப்பா?’ என்று ஒரே ஒருவர் முகம் சுளித்தால் போதும், புதிதாக வந்த மூன்று பேர் மறுமாதம் வரமாட்டார்கள். பொறுப்பாளராக நீங்கள் அங்கேயே, அப்போதே தடுக்க வேண்டிய பேச்சு இது ஒன்றுதான்.

4. முதல் சுற்று: பெயர், நூல், பக்க எண்

வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவரும் மூன்றே மூன்று தகவல் சொல்லட்டும்: தன் பெயர், நூலின் பெயர், எந்தப் பக்கத்தில் நிற்கிறார். பன்னிரண்டு பேருக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கூச்சப்படுகிறவர் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வாய் திறந்துவிட்டால் பிறகும் பேசுவார். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டால் அன்று முழுவதும் பேசமாட்டார். பக்க எண் கேட்பது கணக்குப் பார்க்க அல்ல. ‘பதினேழாம் பக்கத்துல மூணு வாரமா நிக்கிறேன்’ என்று ஒருவர் மனம்விட்டுச் சொன்னதும் மற்றவர்களுக்கும் உண்மையைச் சொல்லத் துணிவு வந்துவிடுகிறது.

5. இரண்டாம் சுற்று: ஒரு பக்கம் உரக்க

ஆளுக்கு ஐந்து நிமிடம். அதில் பாதிக்கு மேல் நூலிலிருந்து வாசிப்பதற்கே. டெமி அளவுப் (வழக்கமான நாவல் அளவு) புத்தகத்தில் ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகும். மீதி நேரத்தில், அந்தப் பக்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் சொன்னால் போதும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பக்கத்தைத் திறக்காமலே பேசத் தொடங்குவார்கள். ஆசிரியர் எங்கே பிறந்தார், என்ன விருது வாங்கினார் என்று போகும். அல்லது முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்டவருக்கு அந்த நூலைப் படித்துவிட்ட நிறைவு வந்துவிடும். பிறகு அவர் தொடவே மாட்டார். அதனால் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு: வாசித்த பிறகுதான் பேச்சு. மொழி எப்படியிருக்கிறது, வாக்கியம் நீளமா குறுகலா, நமக்குப் பிடிபடுமா என்பதையெல்லாம் அந்த ஒரு பக்கம் காட்டிவிடும். ‘அருமையான நடை’ என்று பத்து முறை சொன்னாலும் தெரியாதது அது.

செய்யுள் நூல் கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒருவர் புறநானூற்றை மூலம் மட்டும் உள்ள பதிப்பில் கொண்டுவந்தார். அதியமானை ஔவையார் பாடிய பாட்டு. அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி, நம் ஊர்தானே என்ற பாசம். வாசித்து முடித்தார். ஒருவருக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அவருக்குத்தான் மனசு சங்கடப்பட்டது. அடுத்த முறை உரையுள்ள பதிப்பு கொண்டுவந்து, முதலில் பொருளை எளிய தமிழில் சொல்லிவிட்டு, அதன் பிறகு பாட்டை இரண்டு முறை வாசித்தார். இரண்டாவது வாசிப்பில் அறை அமைதியானது. பழம்பாடல் எதுவானாலும் இந்த வரிசையில் செய்யுங்கள்.

நம் எல்லைப்பகுதிக்கே உரிய இன்னொரு வாய்ப்பு, மொழி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இங்கே நிறைய. ஓசூர்க் கூடுகையில் ஒரு தொழிற்சாலை இளைஞர் கன்னட நாவல் ஒன்றோடு வந்தார். ராகிக் களத்தில் ஒரு கிழவி வேலை செய்யும் பக்கம். வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், ‘மொர’ என்ற சொல்லில் நின்றுவிட்டார். விரலைப் பக்கத்தில் வைத்தபடி, கையால் புடைத்துக் காட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ‘முறந்தாம்பா அது, எங்க வீட்லயும் மொரன்னுதான் சொல்வோம்’ என்றார். அதுவரை வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்த அந்த அம்மா, மறுமாதம் தன் கன்னடப் பாட்டுப் புத்தகத்தோடு வந்தார். வேறு மொழி நூல் வந்தால் ஒதுக்காதீர்கள். ஒரு பத்தி மூலமொழியில், பிறகு தமிழில். தமிழாக்கம் வெளிவந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், கடையில் தேட அதுதான் கைகொடுக்கும்.

6. மூன்றாம் சுற்று: ‘யாருக்கு?’

பரிந்துரை இப்போதுதான் வருகிறது, இதற்கு முன் வரக்கூடாது. பரிந்துரைப்பவர் ‘எல்லாரும் கண்டிப்பா படிக்கணும்’ என்று சொல்ல அனுமதியில்லை. இந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, ‘இது உங்களுக்கு’ என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. தொடக்க காலத்தில், வாசிக்கத் தொடங்கியிருந்த ஒரு கல்லூரி மாணவியிடம் எனக்கு உயிரான ஒரு பெரிய நாவலைக் கொடுத்தேன். எண்ணூறு பக்கத்துக்கு மேல். அவள் அதை இரண்டு மாதம் தூக்கிச் சுமந்து, படிக்க முடியாத குற்ற உணர்ச்சியில் வருவதையே நிறுத்திவிட்டாள். புத்தகம் வேறொருவர் வழியாகத் திரும்பி வந்தது, அவள் வரவில்லை. நூல் நல்ல நூல்தான். அவளுக்கு அந்த நேரத்தில் எது தேவை என்று ஒரு கேள்விகூட நான் கேட்டிருக்கவில்லை.

இப்போது பரிந்துரைக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறோம். எப்போது படிப்பீர்கள்? ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? கடைசியாக முழுதாக முடித்தது எது? பாதியில் வைத்தது எது, ஏன்? நான்காவது கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற மூன்றையும்விட அதிகம் சொல்லும்.

மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவரிடம் கேட்டபோது, ‘பத்து நிமிஷம் கிடைக்கும், அப்புறம் பெல் அடிக்கும். திரும்ப வந்து பார்த்தா யார் யாருன்னே மறந்துபோகுது அண்ணா’ என்றார். அவருக்கு நாவல் ஒத்துவராது. ஒரு கதை ஆறேழு பக்கத்துக்குள் முடியும் சிறுகதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் முடித்துவிட்டார்.

காரிமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நான் நீட்டிய புத்தகத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடித் திருப்பிக் கொடுத்தார். பொருள் அவருக்குப் பிடித்ததுதான், எழுத்து சிறிது. அதே நூலை இன்னொரு பதிப்பகம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுவதால் எழுத்தளவு, தாள், கட்டு எல்லாம் மாறும். சிலவற்றில் உள்ளே சுருக்கியும் இருப்பார்கள். எனவே பரிந்துரைக்கும்போது நூல் பெயர், ஆசிரியர் மட்டும் போதாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் இருக்கும் பதிப்பு விவரத்தைத் திறந்து, பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை ஆகியவற்றையும் சொல்லுங்கள். கேட்கிறவர் குறித்துக்கொண்டால் புத்தகத் திருவிழாவில் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

ஒருவருக்கு ஒரு கூடுகையில் ஒரு பரிந்துரைதான். ஐந்து சொன்னால் ஒன்றையும் படிக்க மாட்டார்.

7. பிடிக்காததைச் சொல்லவும் இடம் கொடுங்கள்

எல்லாரும் புகழ்ந்துகொண்டே இருந்தால் பரிந்துரைக்கு மதிப்பு போய்விடும். ‘எனக்கு ஒத்துவரல’ என்று சொல்லலாம். ஆனால் எத்தனையாவது பக்கத்தில், எதனால் என்று சொல்ல வேண்டும். ‘குப்பை’ என்ற சொல் வேண்டாம். அதே நூலைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருவர் கைவிட்ட காரணம் இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் காரணமாவதும் உண்டு. ‘வட்டார வழக்கு ரொம்ப அதிகம்’ என்று ஒருவர் வைத்ததை, அதற்காகவே மற்றொருவர் வாங்கிக்கொண்டு போனார்.

8. இரவல்: நோட்டில் ஏறாமல் புத்தகம் அறையைவிட்டுப் போகக்கூடாது

கடைசி அரைமணி நேரம் இதற்கு. நட்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் புத்தகம் திரும்பாததால்தான் என்பதால், இதில் கூச்சம் பார்க்காதீர்கள்.

நோட்டில் இந்தக் கட்டங்கள் போடுங்கள்: வரிசை எண், நூல், உரியவர், வாங்கியவர், கொடுத்த நாள், திரும்ப வேண்டிய நாள், புத்தகத்தின் நிலை, கையெழுத்து. ‘நிலை’ என்ற கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘முன்னட்டை மூலை மடங்கியுள்ளது, 112ஆம் பக்கத்தில் பென்சில் கோடு.’ இதை இருவரும் சேர்ந்து பார்த்து எழுதினால், திரும்பும்போது ‘டீக்கறை நான் பண்ணலைங்க’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

உரியவர் தன் பெயரை உள்ளட்டையில் பென்சிலால் எழுதட்டும். தான் மட்டும் நினைவில் வைத்திருக்கும் இன்னொரு உள்பக்கத்திலும் எழுதட்டும். உள்ளட்டை கிழிந்துபோனாலும் அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கும்.

தவணை அடுத்த கூடுகைவரை. ஆளுக்கு ஒரு நூல். வாங்கியவர் அதை மூன்றாமவருக்குத் தரக்கூடாது. எங்களிடம் தொலைந்த புத்தகங்களில் அநேகம் அப்படிக் கைமாறியவைதான். தர விருப்பமில்லாத நூலைக் கொண்டுவருகிறவர் முதல் சுற்றிலேயே ‘இது பார்க்க மட்டும்’ என்று சொல்லிவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது.

வேலை மாறி பெங்களூருவுக்கோ சென்னைக்கோ போனவர்கள் புத்தகத்தைத் திருப்ப அஞ்சலைப் பயன்படுத்தலாம். அஞ்சல்துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென ‘ஞான் போஸ்ட்’ சேவையைத் தொடங்கியிருக்கிறது. தொடக்கக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சமாக 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அனுப்பும் முன் அப்போதைய கட்டணத்தைக் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வார, மாத இதழ்களை இதில் எடுக்க மாட்டார்கள். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தார் பெயர் இருக்க வேண்டும். தரைவழியில் போவதால் சில நாள் கூடுதலாகும்.

9. பிடிஎஃப் விஷயத்தில் தெளிவாக இருங்கள்

வாட்ஸ்அப் குழு தொடங்கிய இரண்டாம் நாளே யாராவது நல்லெண்ணத்தில் நாற்பது பிடிஎஃப்களைக் கொட்டுவார். பெரும்பாலும் விற்பனையில் இருக்கும் நூல்களின் திருட்டுப் பிரதிகள். ஆயிரம் பிரதி விற்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தமிழ் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் நாம் செய்யும் துரோகம் அது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. குழுவின் முதல் செய்தியாகவே இதைப் போட்டுவிடுங்கள்.

முறையான வழி இருக்கிறது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். அதைத் தாண்டியவை, அரசு நாட்டுடைமையாக்கியவை பொதுவில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ இணைய நூல்தொகுப்பிலும் இலவசமாகப் படிக்கலாம். பழைய நூலுக்கு இக்காலத்தவர் எழுதிய உரை, மொழிபெயர்ப்பு, முன்னுரை ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

10. அடுத்த கூடுகைக்கு முந்தைய வியாழன்

குழுவில் இடையில் அதிகம் பேச வேண்டாம். காலை வணக்கமும் பூங்கொத்தும் நிறைந்துவிட்டால் நூல் பற்றிய செய்தி மூழ்கிப்போகும். வியாழனன்று நோட்டைத் திறந்து, தவணை முடியும் நூல்களைப் பார்த்து, வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். ‘வணக்கம் அக்கா, ஞாயிறு வரும்போது அந்தச் சிறுகதைத் தொகுப்பை மறக்காமல் எடுத்துட்டு வாங்க. முடிக்கலைன்னாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் வந்திருக்கீங்கன்னு சொன்னா இன்னொரு மாசம் நீட்டிக்கலாம்’ என்பதுபோல.

‘இரவல் வாங்கியவர்கள் புத்தகம் எடுத்து வரவும்’ என்று குழுவில் பொதுவாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் எடுத்து வரவில்லை. ஒவ்வொருவரும் அது அடுத்தவருக்கான செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். நூலின் பெயரையும் உரியவர் பெயரையும் எழுதித் தனியாக அனுப்பினால் வந்துவிடுகிறது. வர முடியாதவர், தான் வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும். முதல் சுற்றில் வேறொருவர் அவர் சார்பாக அவருடைய பெயரையும் பக்க எண்ணையும் சொல்லிவிடலாம்.